தண்ணீருக்கு முன்னால் சொல்ல வேண்டிய சேதி

1

நாளைக்கு இந்தப் பட்டணத்தில் பண்டிகை. ஆஸ்பத்திரியில் இன்றைக்கே ஸ்ட்ரெச்சர்களைக் கழுவி வெயிலில் சாய்த்து வைத்துவிட்டோம். வார்டில் கூடுதலாகக் கட்டில் போட்டாயிற்று. பஞ்சும் கட்டுத்துணியும் ஸ்டோரிலிருந்து இரட்டிப்பாக வந்து இறங்கியிருக்கின்றன. ஊரெல்லாம் பலகாரம் சுடுகிற நேரத்தில் எங்கள் ஏற்பாடு இப்படி. நான் இந்த ஆஸ்பத்திரியில் அட்டெண்டன்ட். அடிபட்டவனைத் தூக்குவது, செத்தவனைத் துடைப்பது, பிணவறைச் சாவியை வைத்திருப்பது என் வேலை.

மலாயாவில் ஒரு துறைமுகப் பட்டணம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பண்டிகை என்றும் எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள், "ஓ, அந்தக் கூட்டமா" என்று தலையை ஆட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள். எத்தனையோ வருஷமாக எல்லாப் பண்டிகைக்கும் டூட்டி பார்த்தவன் நான். நம்முடைய தீபாவளிக்கும் வந்து விழுகிறார்கள், சீனர் புதுவருஷத்துக்கும் வந்து விழுகிறார்கள். சாமி ஊர்வலத்திலும் விழுகிறார்கள், சாமியே வேண்டாம் என்கிறவன் நடத்துகிற ஊர்வலத்திலும் விழுகிறார்கள். குடித்துவிட்டு ஒருவன், நெரிசலில் ஒருவன், எதற்கென்றே தெரியாமல் குத்துப்பட்டு ஒருவன். லீவு விட்டால் மனுஷன் ஏன் சாகிறான் என்று பெரிய டாக்டரிடமே கேட்டிருக்கிறேன். அவர் கையைக் கழுவிக்கொண்டே சிரித்தார்.

என் தம்பி சடையன் இப்படி ஒரு பண்டிகை நாளில்தான் இங்கே தெருவில் கத்திக்குத்துப் பட்டுச் செத்தான். மூன்றரை வருஷம் ஆகிறது. கொல்லிமலையில் எடப்புளி நாட்டில் (எங்கள் மலையில் சில ஊர் சேர்ந்தது ஒரு நாடு) அவன் பெண்டாட்டி செல்லாயி இன்னும் கழுத்தில் தாலியோடு அவன் வருவான் என்று காத்துக்கொண்டிருக்கிறாள். சேதி போகவில்லை என்று நினைக்காதீர்கள். போயிற்று. மலை அதை வாங்கிக்கொள்ளவில்லை. அந்தப் பெண்ணை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். சேந்தமங்கலத்தில் எட்டாவது வரை படித்தவனுடைய தமிழ் இது. குற்றம் குறை இருந்தால் பத்திரிகை ஆசிரியர் திருத்திக்கொள்ளட்டும்.

2

கல்யாணம் ஆகி ஆறு மாசத்தில் சடையன் கப்பல் ஏறினான். நான்தான் வரச் சொன்னேன். இங்கே சட்டம் இறுகப் போகிறது, வருகிறவன் இப்போதே வந்தால்தான் உண்டு என்று எல்லோரும் சொன்னார்கள். துறைமுகக் கிடங்கில் மூட்டை தூக்கும் வேலை கிடைத்தது. மலைப்பாதையில் பலாப்பழச் சுமையோடு இறங்கிய உடம்புக்கு அது ஒரு பாரமே இல்லை. நாலு காசு சேர்ந்ததும் போய்விட வேண்டும், இரண்டு எருது வாங்க வேண்டும் என்பான். வேறு பேச்சே கிடையாது.

பண்டிகை அன்று கிடங்குக்கு லீவு. எனக்கு டூட்டி. புதுச் சட்டை போட்டுக்கொண்டு, ஊர்வலம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனான். மத்தியானத்துக்கு மேல் வண்டி வண்டியாக வர ஆரம்பித்தது. யார் யாரை அடித்தார்கள், ஏன் அடித்தார்கள் என்று இன்று வரை ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். நான் தூக்கிக்கொண்டே இருந்தேன். ஒரு ஸ்ட்ரெச்சரில் மூடியிருந்த துணிக்கு வெளியே கால் தெரிந்தது. விரல்கள் அகன்று, பெருவிரல் தனியாக விலகி நிற்கிற கால். பாறையைப் பிடித்து ஏறிய கால் அப்படித்தான் இருக்கும். இந்தப் பட்டணத்தில் அப்படி இரண்டு சோடிக் கால்தான் உண்டு. ஒன்று என்னுடையது. துணியை விலக்காமலே தெரிந்துவிட்டது.

அவன் எப்படிச் செத்தான் என்பதை அந்த இடத்துக்கு எதிரே காப்பிக்கடை வைத்திருக்கிற சீனக் கிழவர் பிறகு எனக்குச் சொன்னார். கூட்டம் சிதறி ஓடியது. எல்லோரும் சந்துகளில் புகுந்தார்கள். இவன் மட்டும் ஓடவில்லை. சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு, வேட்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, வழி விட்டு நின்றானாம். உங்களில் மலைப்பாதை நடந்தவர்களுக்குப் புரியும். மேலேயிருந்து ஒருவன் ஓடி வந்தால் அவன் தலையில் சுமை இருக்கும், நினைத்தாலும் நிற்க முடியாது. எதிரே வருகிறவன் மேட்டுப்பக்கம் ஒதுங்கி, முதுகைச் சாய்த்து, அவன் போகும் வரை அசையாமல் நிற்க வேண்டும். நடை பழகும்போதே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். என் தம்பி வழி விட்டான். ஓடி வந்தவன் போகிற போக்கில் குத்திவிட்டுப் போனான்.

மலையை நான் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. அங்கேயும் நோம்பி நாளில், அதாவது எங்கள் பண்டிகை நாளில், கொடுவாள் எடுத்திருக்கிறார்கள். என் சின்ன வயதில் எல்லையில் நின்ற ஒரு பலாமரத்துக்காகப் பங்காளிகளுக்குள் ஒரு கொலை விழுந்தது. ஆனால் அன்றைக்கு மேளம் நின்றது. நாடு முழுக்க நோம்பி நின்றது. வெட்டியவனுக்கும் வெட்டுப்பட்டவனுக்கும் ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியும். இங்கே என் தம்பியைக் குத்தியவனுக்கு அவன் சடையன் என்று தெரியாது. மறுநாள் சாயங்காலம் ஊரடங்கைத் தளர்த்தினார்கள், பிணவறைச் சன்னலுக்கு வெளியே பாண்டு வாத்தியத்தோடு பாக்கி ஊர்வலம் போயிற்று. நான் உள்ளே அவன் நெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து நாலு பேரையாவது அறைய வேண்டும் போல இருந்தது.

3

அன்றைக்கே தந்தி கொடுத்தேன். கடிதமும் போட்டேன். சேந்தமங்கலத்தில் மளிகைக்கடை வைத்திருக்கிறவர் எங்களுக்கு வருகிற தபாலை வாங்கி வைத்துச் சந்தைக்கு இறங்குகிறவர்களிடம் கொடுத்து அனுப்புவார். அவர் கையால் எழுதி ஊர்க்கவுண்டரின் பதில் வந்தது. கவுண்டர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதியிருந்தார்: "காயிதத்துல வந்த சாவ நாங்க வாங்கிக்கறதில்லீங்க. ஆளு வரட்டும்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை. காரணம் எனக்குத் தெரியும். சண்டைக் காலத்தில் வளப்பூர் நாட்டிலிருந்து ஒருவன் பட்டாளத்துக்குப் போனான். செத்தான் என்று தந்தி வந்தது. தாலியைக் கழற்றி வாங்கினார்கள், காரியம் செய்தார்கள், அந்தப் பெண்ணை இன்னொருவனுக்குக் கட்டியும் கொடுத்தார்கள். சண்டை ஓய்ந்து ஒரு நாள் அவன் மலை ஏறி வந்து வாசலில் நின்றான். அவள் இடுப்பில் அடுத்தவன் பிள்ளை. அப்படியே இறங்கிப் போனவன்தான், பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை. அதற்கப்புறம் பெரியவர்கள் கூடி, இனிமேல் சாவு ஆள் வாயால்தான் வர வேண்டும் என்று முடிவு கட்டினார்கள்.

ஆள் வருவதற்கும் ஒரு முறை உண்டு. சாவுச் சேதி கொண்டு வருகிறவன் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலுக்கு வெளியே நிற்பான். உட்கார மாட்டான். தண்ணீர் வாங்க மாட்டான். முதலில் சேதியைச் சொல்வான். அதைக் கேட்டுவிட்டு அந்த வீட்டில் தண்ணீர் கொடுத்தால், சேதியை ஏற்றுக்கொண்டார்கள் என்று அர்த்தம். முதலிலேயே தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டால் அவன் விருந்தாளி. விருந்தாளி வாயிலிருந்து சாவு வரக் கூடாது. வந்தாலும் செல்லாது.

செல்லாயிக்கு இப்போது இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயசு இருக்கும். எங்கள் மலையில் புருஷன் செத்தவள் மறுபடி கட்டிக்கொள்வதில் தடை ஒன்றும் இல்லை. வளப்பூர் நாட்டில் அவளுடைய மாமன் மகன் கட்டிக்கொள்ளத் தயாராக இருக்கிறான் என்றும் கேள்விப்பட்டேன். யாராவது ஒரு மனுஷன் அவள் வாசலில் நின்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அழுது தீர்த்துவிட்டுப் பிழைத்துக்கொள்வாள்.

4

நானே போகலாம்தானே என்று கேட்பீர்கள். கேளுங்கள், அந்தக் கூத்தையும் சொல்கிறேன்.

இங்கே சுதந்திரம் வந்த பிறகு, வெளியே போகிறவன் திரும்பி வருவதற்குப் பெர்மிட் வாங்கிக்கொண்டு போக வேண்டும். ஆபீசில் பிறந்த தேதி கேட்டார்கள். மூங்கில் பூத்த வருஷம் என்றேன். பொய் இல்லை. மலையில் மூங்கில் பூத்து, எல்லோரும் மூங்கிலரிசி தின்ற வருஷம் நான் பிறந்தேன் என்று அம்மா சொல்வாள். முதலில் கப்பல் இறங்கியபோது ஒரு குமாஸ்தா அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுத் தானாக ஒரு தேதி போட்டார். ஆஸ்பத்திரி வேலையில் சேர்ந்தபோது இன்னொரு குமாஸ்தா இன்னொரு தேதி போட்டார். இப்போது பெர்மிட் ஆபீசில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, நீ இரண்டு ஆள் என்கிறார்கள். சரி ஐயா, ஒருவனை அனுப்புங்கள், இன்னொருவனைப் பிணையாக வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அந்த வாய்க்கொழுப்பில் காகிதம் இன்னும் அடியில் போய்விட்டது.

பெர்மிட் இல்லாமல் போனால் திரும்ப முடியாது. என் மனைவி இங்கே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள், இந்தியாவைப் பார்த்ததே இல்லை. இரண்டாவது பிள்ளைக்கு மூச்சிரைப்பு, மாசம் பாதி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். இவர்களை யாரிடம் விட்டுவிட்டுப் போவது?

பெரியவள் கமலாவுக்குப் பதினைந்து வயசு. அவளுக்கு இந்த விஷயமே விளங்கவில்லை. "தந்தி போச்சு, லெட்டர் போச்சு. இன்னும் என்னாப்பா வேணும் அவங்களுக்கு?" என்கிறாள். சித்தப்பா முகம் அவளுக்கு இப்போதே மங்கிக்கொண்டு வருகிறது. மலையை அவள் படத்தில்கூடப் பார்த்ததில்லை. நாளைக்குப் பள்ளிக்கூடச் சிநேகிதிகளோடு ஊர்வலம் பார்க்கப் போகிறாளாம். கூடாது என்று சொன்னேன். சும்மா ஓரமா நிக்கறதுக்கு என்னாப்பா பயம் என்று கேட்டாள். அவள் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். நாளைக்கு எனக்குக் காலையிலிருந்து டூட்டி. அவள் அம்மா பையனுக்குத் துணையாக வார்டில் இருப்பாள், அவளைக் கட்டிப் போட்டு வைக்க வீட்டில் ஆள் இல்லை. நாளை வருகிற ஒவ்வொரு ஸ்ட்ரெச்சரிலும் துணிக்கு வெளியே எந்தக் கால் தெரியுமோ என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறேன்.

5

சில மாசத்துக்கு முன்னால் ஒரு வழி பிறந்தது என்று நினைத்தேன். அங்கமுத்து என்று சேந்தமங்கலத்துப் பையன், சடையனோடு அதே கிடங்கில் வேலை பார்த்தவன். அவனைச் சுடுகாட்டுக்கு என்னோடு தூக்கி வந்தவன். அவனுக்கு எல்லாக் காகிதமும் சரியாக இருந்தது. தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்குக் கிளம்பினான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். அவன் மறுவார்த்தை பேசாமல் ஒத்துக்கொண்டான். துண்டை எங்கே அவிழ்ப்பது, எங்கே நிற்பது, என்ன சொல்வது என்று எல்லாம் சொல்லி அனுப்பினேன். நேரில் பார்த்தவன், தூக்கியவன். இதைவிட நல்ல வாய் மலைக்குக் கிடைக்காது.

திரும்பி வந்தவன் ஒரு வாரம் என் கண்ணில் படவில்லை. நானாகத் தேடிப் போய்ப் பிடித்தேன். கிடங்குக்குப் பின்னால் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து சொன்னான்.

அவன் மலை ஏறிய நாள் அங்கே நோம்பிக்கு முதல் நாள். அது அவனுக்குத் தெரியாது. ஏறி முடித்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது, நாக்கு ஒட்டிக்கொண்டது. செல்லாயி செம்மண் குழைத்துச் சுவரைப் பூசிக்கொண்டிருந்தாள். யார் என்று கேட்டிருக்கிறாள். உங்கள் வீட்டுக்காரரோடு வேலை பார்க்கிறவன் என்று சொல்லியிருக்கிறான். அவ்வளவுதான். அவள் அடுத்த வார்த்தைக்கு நிற்கவில்லை. செம்மண் கையோடு உள்ளே ஓடிப்போய் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டியிருக்கிறாள். அத்தனை சந்தோஷமாம் அந்த முகத்தில்.

"வாங்கிக் குடிச்சுப்போட்டனுங்க," என்றான் அங்கமுத்து. "தாகம் தாங்கலீங்க. பாதிச் சொம்புல இருக்கறப்பத்தான் நீங்க சொன்னது நெனப்பு வந்துச்சு. அப்பறம் குடிச்ச வாயில எப்படிங்க சொல்றது?"

அவன் தலையைத் தொங்கப் போட்டிருந்தான். பிறகு அவனாகவே மீதியையும் சொன்னான். அவள் கேட்டிருக்கிறாள்: "அண்ணா, அவரு நல்லா இருக்கறாருங்களா?"

"நல்லா இருக்கறாரு கண்ணுன்னு சொல்லிப்போட்டனுங்க."

அடப்பாவி, அடப்பாவி என்று கத்தினேன். கிடங்கு ஆட்கள் ஓடி வந்துவிட்டார்கள். அவன் சட்டையைப் பிடித்த கை என்னுடையதுதானா என்று எனக்கே தெரியவில்லை. அவன் என்னைத் தடுக்கவும் இல்லை. அடிங்க, அடிச்சுப்போடுங்க என்று நின்றான். யாரை அடித்து என்ன? அவன் கெட்டவன் இல்லை. தரைநாட்டுப் பிள்ளை. ஒரு பெண் ஆசையோடு நீட்டுகிற தண்ணீரை வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு யாரும் பழக்கவில்லை.

அடுத்த நோம்பிக்கு வருவாரா என்றும் கேட்டாளாம். வருவார் என்றானாம். திரும்பும்போது பலாச்சுளையும் ஒரு முடிச்சு மிளகும் கட்டிக் கொடுத்திருக்கிறாள். சடையனுக்கு என்று. மிளகை அவன் என் கையில் வைத்தபோது நான் வாங்கவில்லை.

இத்தோடு முடிந்ததா? இல்லை. மளிகைக்கடைக்காரர் பிறகு எழுதித்தான் மீதி எனக்குத் தெரிந்தது. புருஷன் பரதேசம் போய் மூன்று வருஷம் ஒரு தகவலும் இல்லையென்றால் பெரியவர்கள் கூடித் தாலியை வாங்கி, அந்தப் பெண்ணைக் கல்யாணத்திலிருந்து தீர்த்துவிடலாம். அந்த நோம்பி கழிந்ததும் செல்லாயியைத் தீர்த்துவிட்டு மாமன் மகனுக்குக் கொடுப்பது என்று பேசி வைத்திருந்தார்களாம். ஆள் வந்துவிட்டான். ஆள் வாயால் சொல்லிவிட்டான், நல்லா இருக்கிறார், அடுத்த நோம்பிக்கு வருவார் என்று. கூட்டம் கலைந்தது. மாமன் மகன் கதிர் அறுப்பு முடிந்ததும் வேறு இடத்தில் பெண் பார்க்கப் போகிறானாம். காகிதத்தில் போன உண்மையை வாங்காத மலை, ஆள் வாயால் போன பொய்யை வாங்கிக்கொண்டது. ஒரே குத்தில் அங்கே இரண்டாவது உயிரும் போகிறது, என்னால் எழுந்து போய்த் தடுக்க முடியவில்லை.

கடைக்காரரையே போய்ச் சொல்லுங்கள் என்று கெஞ்சி எழுதினேன். என்னைக் கேட்காதீர்கள், சந்தைக்கு வருகிற ஒவ்வொரு வாரமும் அவள் என் கடையில் நின்று, அவர் வந்தால் கருப்பட்டிக் காப்பி வேண்டும் என்பார் என்று சொல்லிக் கருப்பட்டி வாங்கிப் போகிறாள், என் வாயில் வராது என்று பதில் போட்டுவிட்டார்.

6

ஆகவே இப்போது உங்களிடம் கேட்கிறேன்.

இதை வாசிக்கிறவர்களில் நாமக்கல், சேந்தமங்கலத்துப் பக்கத்து ஆள் ஒருவராவது இருப்பீர்கள். எனக்கு உங்களைத் தெரியாது. உங்களுக்கும் என்னைத் தெரியாது. அதுதான் நல்லது. அவளைத் தெரிந்தவர்களால் முடியவில்லை என்று பார்த்துவிட்டேன். காரவள்ளி அடிவாரம் வரை பஸ்ஸோ வண்டியோ கிடைக்கும். அங்கிருந்து நடை. மேலே போய் எடப்புளி நாட்டில் சடையன் பெண்டாட்டி செல்லாயி ஊடு எது என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். அறுப்புக்கு முன்னால் போக வேண்டும். மாமன் மகன் இன்னும் வேறு இடம் பார்த்துவிடவில்லை.

இந்தப் பத்திரிகையை மேலே கொண்டு போகாதீர்கள். வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். மலையில் இது வெறும் காகிதம்தான். இதில் உள்ளதை வாயில் எடுத்துக்கொண்டு போங்கள். பார்த்தாயா என்று கேட்டால், நான் பார்க்கவில்லை, அவன் அண்ணன் பார்த்தான், கூடப் பிறந்தவன் கையால் துடைத்துச் சுடுகாட்டில் வைத்தான் என்று சொல்லுங்கள். பார்த்தவன் சொல்லி அனுப்பியதை இன்னொருவன் நடந்து வந்து சொல்வது அங்கே செல்லும். முதலில் வந்தவன் பொய் சொன்னான் என்றும் சொல்லுங்கள், அவனைத் திட்டாமல் சொல்லுங்கள். எப்படிச் செத்தார் என்று கேட்டால், வழி விட்டு நின்றார் என்று சொல்லுங்கள், அவளுக்குப் புரியும்.

வாசலுக்கு வெளியே நில்லுங்கள். துண்டை இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். நீங்கள் அக்கரைச் சீமையிலிருந்து சேதி கொண்டு வந்திருக்கிறீர்கள் என்றதும் அவள் உங்களைப் பேச விட மாட்டாள், உள்ளே ஓடிச் சொம்போடு வருவாள். சிரித்த முகத்தோடு நீட்டுவாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, முதலில் சொல்லிவிடுங்கள். ஏறி வந்த களைப்பில் தாகமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள் சாமி.